கலைச்சொல்: கண்ணுக்குரிய மூளைப்பகுதி விரலுக்கு உழைப்பதை என்னவென்று சொல்வது?

கீழக்கரையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பார்வையோ கேட்கும் திறனோ இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது: கிராஸ்மோடல் பிளாஸ்டிசிட்டி. வரைவில் இப்போதைக்குக் "குறுக்குப்புல நெகிழ்மை" என்று கிடக்கிறது. படித்துப் பார்த்த யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பொருள் இதுதான். பிடரிக்கு உட்புறம் இருப்பது காட்சிப் புறணி, அதாவது பார்வைக்குரிய மூளை மேற்பரப்பு. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் எனும் புடைப்புப் புள்ளி எழுத்தை விரலால் படிக்கும்போது அந்தப் பகுதி வேலை செய்வதை 1996இல் சடாட்டோ குழுவினர் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். படத்தில் தெரிவது வெறும் உடனிகழ்வாக இருக்கலாமே என்ற சந்தேகத்தை அடுத்த ஆண்டுச் சோதனை தீர்த்தது. பிடரிமேல் காந்தத் துடிப்பு கொடுத்துப் புறணியைச் சற்றே குழப்பியதும் வாசிப்பு தடுமாறியது. புள்ளி குறைகிறது, கூடுகிறது, தட்டையாகிவிட்டது என்றெல்லாம் படித்தவர்கள் சொன்னார்கள். 2000இல் வெளியான நோயாளி விவரம் இன்னும் அழுத்தமானது. பிறவியிலேயே பார்வையற்ற, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் இருபக்கக் காட்சிப் புறணியும் பழுதானது. விரலுக்குத் தொடு உணர்வு இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன. எழுத்தாக மட்டும் சேரவில்லை.

இதற்கு ஒரு சொல் வேண்டும்.

சாயல்குடியிலிருந்து:

> குறுக்குப்புல நெகிழ்மை

பின்பாதியில் கோளாறு. நெகிழி என்றால் கரையில் ஒதுங்குகிற கேரிபேக் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். தவிர, நெகிழ்வது என்றால் வளைந்துகொடுப்பது. விட்டால் பழையபடி வந்துவிடும் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்ளும். இங்கே தேவை, பிடித்த வடிவத்தில் நிற்பது. களிமண்ணுக்குச் சொல்வதுபோலக் "குழைமை" எனலாமா என்றால், "மூளைக் குழைவு" என்றதுமே தாய்மார் பதறுவார்கள். நோய்ப்பெயர் மாதிரி இருக்கிறது.

"புலப்பெயர்வு" அழகான சொல்தான். புலம் என்பது நிலமும் ஆகும், ஐம்புலனும் ஆகும். ஆனால் இலங்கை அகதிகளின் மண்டபம் முகாம் இருக்கிற கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. அதைத் தொட வேண்டாம்.

என் முன்மொழிவு "புலன் மடைமாற்றம்". கண்மாய்ப் பாசனக்காரருக்கு விளக்கமே வேண்டாம்.

பாம்பனிலிருந்து:

மடைமாற்றம் காதுக்கு இனிமை, பொருளுக்குத் தவறு. மடையை மாற்றினால் பழைய வயலுக்குத் தண்ணீர் நின்றுபோகும். விரல் அனுப்பும் சேதி, தொடு உணர்வுக்குரிய தொடுபுலப் புறணிக்குப் போவது நிற்பதே இல்லை.

இரண்டாவது காரணம் கால அளவு. பார்வையுள்ளவர்களின் கண்ணை 5 நாள் முழுக்கக் கட்டிவைத்த பாஸ்குவல்-லியோனே குழுவின் ஆய்வு 2008இல் வந்தது. ஐந்தாம் நாளுக்குள் காட்சிப் புறணி தொடுகைக்கு எதிர்வினை காட்டத் தொடங்கியது. கட்டை அவிழ்த்து 24 மணி நேரத்தில் அது மறைந்துவிட்டது. புது நரம்புவழி நீளமாக வளர 5 நாள் காணாது. ஆகவே வழி முன்னமே இருந்திருக்க வேண்டும், கண்ணின் சேதி அதை அமுக்கிவைத்திருந்தது. பக்கத்து வயலின் கசிவு எப்போதும் வந்துகொண்டிருக்கிறது, சொந்த மடை வறண்டபோதுதான் அது கணக்கில் வருகிறது என்று கொள்ளுங்கள். (இந்த 5 நாள் வகையைக் "கைமாற்று" என்றே சொல்லிவிடலாம், உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறதே!)

நடப்பது ஏற்பது. ஆகவே "பிறபுலனேற்பு": ஒரு புலனுக்குரிய பகுதி பிற புலனின் சேதியை ஏற்றல். வினையாக்க வருகிறது, எதிர்மறைக்கும் வருகிறது: "ஏற்றது", "ஏற்கவில்லை". செவிக்கும் பொருந்துகிறது. 2010இல் லோம்பர் குழுவினர் பிறவிச் செவிட்டுப் பூனைகளிடம், பக்கவாட்டில் தெரிவதை இடம் சுட்டும் திறன் கூடியிருப்பதைக் கண்டார்கள். செவிப் புறணியின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் குளிர்வித்ததும் அந்தக் கூடுதல் திறன் போய்விட்டது.

ஏற்பி என்ற சொல் ஏற்கெனவே ரிசெப்டருக்கு, அதாவது உடலில் தூண்டலை வாங்கும் உறுப்புக்கு, போய்விட்டது. எனவே "பிறபுலனேற்பி" என்று யாரும் நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

பிறபுலனேற்பு எனக்குச் சம்மதம். கையேட்டில் இரண்டு எச்சரிக்கை சேர்க்கிறேன்.

ஒன்று, "ஒன்று போனால் மற்றது தானே கூர்மையாகும்" என்ற பேச்சு. தானாக ஆகாது, பழக்கத்தால் ஆகும். பிரெய்ல் புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர், உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. வலை முடிந்து காய்ப்பேறிய விரலுக்கு அது பிடிபடாது. அழுத்தித் தேய்த்தால் புள்ளி மழுங்குமே தவிர எழுத்து தெரியாது. காய்ப்பில்லாத விரலால், நுனி பட்டும் படாமலும் இடமிருந்து வலமாக ஓட்ட வேண்டும்.

இரண்டு, சங்கு குளிப்பவர்களின் காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரு மடங்கு. சமன்செய்யாமல் இறங்கினால் செவிப்பறை கிழியும். அப்படிக் கிழிந்தாலும் எலும்பு வழியே ஒலி உட்செவிக்குப் போகும். அதற்கு முதலில் காது மருத்துவர். செவிப் புறணிக்குச் சேதி நின்றுவிடுவதில்லை, ஆகவே பிறபுலனேற்பு என்ற சொல்லை அங்கே இழுக்க வேண்டாம்.

"கிரிட்டிக்கல் பீரியட்" என்பதற்கும் சொல் கேட்கிறேன், மூளை ஒரு திறனுக்கு வடிவம் பெறும் குறிப்பிட்ட வயதுக்காலம் அது. பிறவியில் கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி (செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி) மூன்றரை வயதுக்குள் வைத்தால் செவிப் புறணியின் எதிர்வினை இயல்பை ஒட்டி வளர்கிறது. 7 வயதுக்கு மேல் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அதற்குள் பிறபுலனேற்பு ஊன்றிவிடுகிறது. கருவி வைத்தும், வியர்வையும் உப்புக்காற்றும் பட்டுக் கெட்டுப்போகும் என்று பயந்து கழற்றியே வைத்திருந்தால் இதே கதிதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும், இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும்.

சாயல்குடியிலிருந்து:

"பதப்பருவம்". பதநீர் காய்ச்சுகிறவர்கள் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டு நின்றால் பதம், சிரட்டையில் ஊற்றலாம். ஊற்றினால் சிரட்டையின் வடிவம் கருப்பட்டிக்கு வரும். முந்தினால் இறுகாது, பிந்தினால் சட்டியிலேயே இறுகிவிடும். மடைமாற்றத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து (பிரெய்ல் மெய்ப்பு):

இரண்டுக்கும் சம்மதம். எழுத்துக்கூட்டு மட்டும். பிரெய்லில் ஒரு குறி அமரும் இடம் ஒரு கட்டம். மெய்க்குப் புள்ளி தனிக்கட்டம், உயிர்க்குறியும் தனிக்கட்டம். "குறுக்குப்புல நெகிழ்மை" இடைவெளி சேர்த்து 22 கட்டம். "பிறபுலன் ஏற்பு" 14. சேர்த்தெழுதினால் 12. ஆனால் "னேற்" என்று விரலில் படும்போது புதிதாகப் படிப்பவர் சொல்லின் எல்லையைத் தவறவிடுவார். ஒவ்வொரு பாடத்திலும் முதல்முறை பிரித்து, பிறகு சேர்த்து எழுதுவோம். அச்சுப் படியிலும் அப்படியே.