சில்வர்டன் டிராம்வே: ஓர் ஊரை அடிலெய்டின் பக்கம் திருப்பிய 36 மைல் பாதை

கணினிகளில் நேர மண்டலம் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஆஸ்திரேலியா என்ற தலைப்பின்கீழ் சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் ஆகிய தலைநகரங்களோடு புரோக்கன் ஹில் என்ற பெயரும் தனியாக இருப்பதை உங்களில் சிலர் கவனித்திருக்கலாம். பாலைவன விளிம்பில் உள்ள ஒரு சுரங்க ஊருக்கு அந்தப் பட்டியலில் என்ன வேலை என்ற கேள்விதான் என்னை முதன்முதலில் அங்கே அழைத்துச் சென்றது. அந்த நகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கிறது. அதன் தலைநகர் சிட்னி. ஆனால் அது அண்டை மாநிலமான தென் ஆஸ்திரேலியாவின் நேரத்தை, அதாவது சிட்னிக்கு அரை மணி பிந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. நேரச் சட்டங்கள் எழுதப்பட்ட 1890களில் அந்த ஊருக்கு இருந்த ஒரே ரயில் தொடர்பு அடிலெய்டோடுதான் இருந்தது. அந்தத் தொடர்பைத் தந்த பாதையின் பெயர் சில்வர்டன் டிராம்வே. 1970இல் மூடப்பட்ட அந்தப் பாதையின் எச்சங்களைத் தேடிப் போன அனுபவத்தையும், அதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1883இல் மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப்பண்ணையில் வேலியோரமாகக் குதிரையில் சுற்றிவரும் பணியில் இருந்த சார்ல்ஸ் ராஸ்ப் என்ற ஜெர்மானியர், கரடுமுரடான ஒரு கரிய குன்றின் கற்களைத் தகரத் தாது என்று எண்ணி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அது வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் கலந்த, உலகிலேயே மிகப் பெரிய படிவுகளில் ஒன்றாக இருந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் 1885இல் தொடங்கப்பட்ட புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி நிறுவனம், இன்று உலகமெங்கும் பி.எச்.பி. என்று அறியப்படுவது. தாது கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிகளும் ஒட்டகங்களும் மட்டுமே இருந்தன.

சிட்னி 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. தென் ஆஸ்திரேலியாவின் துறைமுகமான போர்ட் பிரியோ அதில் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில்தான். தென் ஆஸ்திரேலிய அரசு 1887இல் எல்லையோர ஊரான காக்பர்ன் வரை தன் பாதையைக் கொண்டுவந்துவிட்டது. எல்லையைத் தாண்டிச் சுரங்கம் வரை தானே பாதை போடவும் முன்வந்தது. சிட்னியில் இருந்த அரசு அதற்கு இடம் தரவில்லை. தானும் அவ்வளவு தூரத்துக்குப் பாதை போட ஆயத்தமாக இல்லை. தன் நிலத்தின் செல்வம் அடிலெய்டுக்குப் போவதைப் பொறுக்க முடியாத, அதே சமயம் அந்த நிலத்து மக்களுக்கு எதுவும் செய்யாத அந்த நிலைப்பாட்டை இன்று படிக்கும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இடையில் விடுபட்ட 36 மைலை, சுமார் 58 கிலோமீட்டரை, நிரப்ப ஒரு தனியார் நிறுவனம் முன்வந்து 1886இல் சட்டப்படி அனுமதி பெற்றது. முழு அளவிலான ரயில் பாதையாக இருந்தும் சட்டத்தில் அது டிராம்வே என்றே குறிக்கப்பட்டது. 1888 ஜனவரியில் ரயில்கள் ஓடத் தொடங்கின.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தைத் தென் ஆஸ்திரேலியப் பாதையைப் போலவே 3 அடி 6 அங்குலமாக வைத்ததுதான் அந்த நிறுவனம் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்பது என் கருத்து. காக்பர்னில் இன்ஜினை மட்டும் மாற்றினால் போதும்; தாது ஏற்றிய பெட்டிகளைத் தொடாமலே போர்ட் பிரியின் உருக்காலை வரை கொண்டுபோகலாம். திரும்பி வரும் பெட்டிகளில் நிலக்கரியும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரங்களும், ஊருக்கான உணவுப் பொருட்களும் வந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் குடிநீரும் ரயிலில்தான் வந்தது. இரு திசையிலும் சரக்கு, போட்டிக்கு வேறு பாதை இல்லை, தூரமோ குறைவு. நாட்டிலேயே மிக அதிக லாபம் ஈட்டிய ரயில் நிறுவனங்களில் ஒன்றாக அது பெயர் பெற்றதில் வியப்பில்லை.

அந்த நிறுவனத்தின் சல்பைடு தெரு நிலையம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1905இல் எழுப்பப்பட்ட கட்டடம். உள்ளே நிற்கும் ஒய் வகுப்பு நீராவி இன்ஜினின் அருகே நான் வெகுநேரம் நின்றேன். மான்செஸ்டரின் பேயர் பீகாக் ஆலை வடிவமைத்த, முன்னால் ஒரு சோடிச் சிறு சக்கரங்களும் பின்னால் மூன்று சோடிப் பெரிய சக்கரங்களும் கொண்ட சிறிய இயந்திரம் அது. ஓட்டுநர் நிற்குமிடம் இரண்டு பேர் தோளோடு தோள் உரசாமல் திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்கிறது. நெருப்புப் பெட்டியின் கதவு முழங்கால் உயரத்தில் இருப்பதால் கரி அள்ளிப் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைத்தே ஆக வேண்டும். கோடையில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டும் ஊரில், அந்தக் கதவுக்கு எதிரே நின்று காக்பர்ன் வரை போய்த் திரும்பியவர்களை நினைத்துப் பார்த்தேன்.

அங்கே தன்னார்வலராக இருந்த முதியவர் ஒருவர், தம் தந்தை அந்தப் பாதையில் கரி அள்ளும் பணியில் இருந்தவர் என்று சொல்லி என்னோடு பேச அமர்ந்தார். நான் அடிலெய்டிலிருந்து வருகிறேன் என்றதும், அப்படியானால் நீங்கள் உள்ளூர்க்காரர்தான் என்றார். தம் சிறுவயதில் செய்தித்தாளும் பழங்களும் உறவினர்களும் வந்த திசை மேற்குதான் என்றும், சிட்னி தங்களுக்கு வரி கேட்டுக் கடிதம் அனுப்பும் ஊராக மட்டுமே இருந்தது என்றும் அவர் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை, உறுதி இருந்தது. இன்றும் அந்த ஊரில் கால்பந்து என்றால் அடிலெய்டில் ஆடும் ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்துதான்.

மறுநாள் காலை சில்வர்டன் ஊருக்குப் போகும் சாலையில் காரை நிறுத்தி, பழைய பாதையின் மண்கரையில் ஏறி நடந்தேன். தண்டவாளம் இல்லை. உப்புப் புதர்களுக்கு நடுவே, சுற்றியுள்ள தரையைவிடச் சற்றே உயர்ந்து நேராக ஓடும் செம்மண் கரையைப் பார்த்தால், இது இயற்கையாக அமைந்த மேடு அல்ல என்று உடனே தெரிந்துவிடும். சரளைக் கற்களுக்கிடையே தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் ஆணி ஒன்று கிடந்தது. தலை ஒருபக்கம் நீண்டு, உடல் சதுரமாக இருந்தது. துரு அடுக்கடுக்காக உரிந்தாலும், சம்மட்டி விழுந்து நசுங்கிய தடம் தலையில் தெளிவாகவே தெரிந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். போகிறவர்கள் தயவுசெய்து எடுத்து வராதீர்கள். அங்கே மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

பாதைக்குப் பெயர் தந்த சில்வர்டனின் கதையும் இங்கே சொல்லப்பட வேண்டும். நிறுவனம் தொடங்கப்பட்டபோது அந்த ஊர்தான் வட்டாரத்தின் தலைமை ஊர். ஆனால் அதன் சுரங்கங்கள் விரைவில் வற்றின. மக்கள் வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டே புரோக்கன் ஹில்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அங்கே வசிப்பவர்கள் சில பத்துப் பேர்தான். அதன் பிறகு சில்வர்டன், நகரத்தார் விடுமுறை நாளில் ரயிலேறி உல்லாசமாகப் போய்வரும் இடமாயிற்று.

அந்த உல்லாசப் பயணங்களில் ஒன்றில்தான் 1915 ஜனவரி 1 அன்று அந்தக் கொடுமை நடந்தது. தாது ஏற்றும் திறந்த பெட்டிகள் 40 வரை கழுவப்பட்டு, அவற்றில் விசுப்பலகைகள் போடப்பட்டு, சுமார் 1,200 பேர் குடும்பம் குடும்பமாகச் சில்வர்டனுக்குப் புறப்பட்டார்கள். நகர எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், துருக்கிக் கொடி கட்டிய ஐஸ்கிரீம் வண்டியோடு காத்திருந்த இருவர் ரயிலை நோக்கிச் சுட்டார்கள். ஐஸ்கிரீம் விற்றுவந்த கூல் முகமதும், முல்லா அப்துல்லாவும் அவர்கள். இருவரும் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையை ஒட்டிய நிலங்களிலிருந்து வந்து, ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தவர்கள். துருக்கியப் பேரரசு பிரிட்டனோடு போரில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. முல்லா அப்துல்லாவுக்கோ, தம் சமயமுறைப்படி இறைச்சி அறுத்ததற்காக உள்ளூரில் விதிக்கப்பட்ட அபராதமும் நெஞ்சில் இருந்தது. பதினேழு வயதுப் பெண் உட்பட நால்வர் இறந்தார்கள். பின்னர் நடந்த மோதலில் சுட்ட இருவரும் மாண்டார்கள். அன்றிரவு ஊர்க்கூட்டம், இதில் சம்பந்தமே இல்லாத ஜெர்மானியர் மன்றத்தைக் கொளுத்தியது. ஒட்டகக்காரர்கள் நெளிதகரத்தால் கட்டிய பள்ளிவாசல் ஊரின் வடபகுதியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சில்வர்டன் சாலைக்குப் போகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாக்குதலை மட்டும் அறிந்து, அந்தத் தாதுவை ரயிலுக்கு முன்பே சுமந்த மனிதர்களை அறியாமல் திரும்புவது முறையல்ல.

சிட்னியிலிருந்து வரும் பாதை புரோக்கன் ஹில்லை எட்டியது 1927இல்தான். அதன் அகலம் 4 அடி 8½ அங்குலம். இரண்டு பாதைகளும் ஒரே ஊரில் இரு வேறு நிலையங்களில் முடிந்தன. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு கிரிஸ்டல் தெரு நிலையத்தில் இறங்கிச் சல்பைடு தெரு நிலையத்துக்கு வந்து ஏற வேண்டியிருந்தது. சுரங்கங்கள் அப்போதும் சில்வர்டன் பாதையை விடவில்லை. கடல் எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே சரக்கு போகும்? 1951இல் டபிள்யூ வகுப்பைச் சேர்ந்த நான்கு புதிய நீராவி இன்ஜின்களை வாங்கும் அளவுக்கு அந்த நிறுவனம் வலுவாக இருந்தது. பத்தாண்டுகளில் டீசல் இன்ஜின்களும் வந்துவிட்டன.

அதன் முடிவு வறுமையால் வந்ததல்ல. சிட்னியிலிருந்து பெர்த் வரை ஒரே அகலத்தில் தண்டவாளம் அமைக்க அரசுகள் முடிவெடுத்தபோது, புரோக்கன் ஹில்லுக்கும் காக்பர்னுக்கும் இடையே சில்வர்டனைத் தொடாத புதிய பாதை போடப்பட்டது. 1970 ஜனவரியில் பழைய பாதை மூடப்பட்டது. சில வாரங்களில் அதே நகரத்தின் வழியாக இந்தியன் பசிபிக் ரயில் ஓடத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே அகலம் தேவை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நகரத்திலிருந்து சில்வர்டன் வரையிலான 25 கிலோமீட்டர் துண்டையாவது பிடுங்காமல் விட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் அந்த மண்கரையில் நடக்கும்போது எழாமல் இருக்காது.

அந்தப் பாதையின் இன்ஜின் ஒன்று ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அடிலெய்டுக்கு வடக்கே உள்ள குவார்ன் ஊருக்குப் போகலாம். அங்கே பிச்சி ரிச்சி ரயில்வேயைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அதுவும் 3 அடி 6 அங்குலப் பாதைதான். சில்வர்டன் டிராம்வேக்காக வாங்கப்பட்ட அந்த நான்கு டபிள்யூ வகுப்பு இன்ஜின்களில் டபிள்யூ 22 அவர்களிடம் இருக்கிறது. எந்த நாளில் எந்த இன்ஜின் வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. போர்ட் பிரி உருக்காலையிலோ, பீட்டர்பரோ ரயில் பணிமனையிலோ வேலை செய்த அல்லது செய்தவர்களை அறிந்த நண்பர்கள் இருந்தால் எழுதுங்கள். தாது போய்ச் சேர்ந்த அந்த மறுமுனையைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் வாயிலாகக் கேட்க விரும்புகிறேன்.