கண்ணாடியில் பட்டன் முளைத்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வடசேரிக்காரன்:

போன மாதம் வடசேரியில் ஒரு கடையில் 180 ரூபாய் கொடுத்து, போனில் சுடும் விளையாட்டு ஆடுவதற்கு ட்ரிகர் ஒரு ஜோடி வாங்கினேன். போனின் மேல்விளிம்பைக் கவ்வி உட்காரும் சின்ன விசை. சுட்டுவிரலால் இழுத்தால் அதன் அடியில் இருக்கும் கறுப்புப் பொட்டு கண்ணாடியைத் தொடும். விளையாட்டின் செட்டிங்கில் போய், சுடும் பட்டனை அந்தப் பொட்டுக்கு அடியில் வருமாறு நகர்த்தி வைத்துவிட்டால் கட்டைவிரல்களுக்கு நடக்கிற வேலையும் குறிபார்க்கிற வேலையும் மட்டும்தான். வெறும் கண்ணாடியில் விளையாடியவர்களுக்குத் தெரியும்: சண்டை மும்முரமாகும்போது விரல் வியர்த்து வழுக்கிப் பட்டனைவிட்டு விலகிவிடும். எங்கே போச்சு என்று குனிந்து பார்ப்பதற்குள் ஆள் காலி. விரலுக்கு அடியில் ‘டக்’ என்று ஒன்று தட்டுப்பட்டால் அந்தக் கவலையே இல்லை.

வலது விசை பிரமாதம். இடது விசை செத்துக் கிடந்தது. சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் “டெம்பர்டு கிளாஸ எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க” என்றார். எடுத்தேன். நல்லா இருந்த கிளாஸ் உடைந்ததுதான் மிச்சம்.

விடை கிடைத்தது சாப்பிடும்போது. அக்கா மகன் கையில் இருந்த மட்டிப்பழத்தால் என் போன் திரையைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். தள்ளுகிறது! பேனாவின் பிளாஸ்டிக் மூடியால் தள்ளினால் அசையவில்லை. இந்தக் கண்ணாடி அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. மின்சாரம் கடத்தும் ஏதாவது ஒன்று நெருங்கும்போது அடியில் இருக்கும் மெல்லிய மின்வலையில் ஏற்படும் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. ஈரப்பசையுள்ள பழம், பிடித்த கையோடு சேர்ந்து ஒரு விரலாகிவிட்டது. அப்படியென்றால் ட்ரிகரும் என் விரலின் நீளம்தான். விரல் படும் தகட்டிலிருந்து கறுப்புப் பொட்டு வரைக்கும் தொடர்பு அறுந்துபோகக் கூடாது. திருகைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தகடு ஒரு நெல்மணி அகலத்துக்கு விலகி நின்றது. சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாளின் பின்பக்கக் காகிதத்தை உரித்து, மடித்து, இடையில் செருகினேன். உயிர் வந்துவிட்டது.

இதுபோல வேறு யாருக்காவது நடந்ததா?

குலசேகரம்:

மக்கா, உனக்குத் தகடு. எனக்குப் போனே சரியில்லை. தனித்தனியாக இழுத்தால் இரண்டு விசையும் வேலை செய்யும். கட்டைவிரல் இரண்டையும் திரையில் வைத்துக்கொண்டு இழுத்தால் ஒன்றும் நடக்காது. விலை குறைந்த பழைய போன் அது, ஒரே நேரத்தில் இரண்டு தொடுதலுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. நமக்கு வேண்டியதோ நான்கு.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் இதைச் சோதித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்கில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷனைப் போட்டுவிட்டு ஐந்து விரலையும் வைத்துப் பாருங்கள். திரையின் மேலே எத்தனை விரல் என்று எண்ணிக்கை காட்டும். ட்ரிகரை இழுக்கும்போது எந்த இடத்தில் புள்ளி விழுகிறது என்பதும் அதிலேயே தெரியும், குத்துமதிப்பாகப் பட்டனை நகர்த்தித் திண்டாட வேண்டாம். நான் இதைத் தெரிந்துகொண்டது இரண்டாவது ஜோடியும் வாங்கின பிறகு.

தூத்தூர் கடற்கரை:

எங்கள் கதை வேறு. ஆழ்கடலுக்குத் தங்கல், அதாவது படகிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கரையைத் தாண்டினால் நெட்வொர்க் கிடையாது, அதனால் ஆன்லைன் விளையாட்டுப் பேச்சே இல்லை. பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த பழைய விளையாட்டுகளை, போனை அந்தக் கருவி போல நடிக்கவைக்கும் எமுலேட்டர் ஆப்பில் ஏற்றிக்கொண்டு போவோம். முதலில் ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியில் ஒட்டும் ஜாய்ஸ்டிக் வாங்கிப் பார்த்தேன். உப்புக்காற்றில் கண்ணாடியில் பிசுபிசுப்பு படிகிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெயர்ந்து மடியில் விழும். ட்ரிகரின் சுருள்கம்பி இரண்டே தங்கலில் துருப்பிடித்தது.

கடைசியில், போனின் சார்ஜ் துளையில் யுஎஸ்பி சாதனங்களை மாட்ட உதவும் ஓடிஜி கேபிளில் சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர், அதாவது இரண்டு கையாலும் பிடித்து விளையாடும் பட்டன் கருவி. இதில் திரையைத் தொடுகிற வேலையே இல்லை, பட்டன் நேராக விளையாட்டுக்குப் போகிறது. ஆனால் சார்ஜ் போடும் துளையை அது பிடித்துக்கொள்ளும். விளையாட்டா சார்ஜா என்று தினமும் ஒரு சண்டை. சார்ஜுக்குத் தனித் துளை வைத்த கன்ட்ரோலரும் கிடைக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. கன்ட்ரோலரை மாட்டினால் எல்லா விளையாட்டும் கேட்கும் என்று நினைக்காதீர்கள். விளையாட்டைச் செய்தவன் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். இடம் விடாத விளையாட்டில், பட்டனைத் தொடுதலாக மாற்றிக்காட்டும் ஆப் போட்டு ஏமாற்றலாம்தான். ஆன்லைனில் அப்படிச் செய்து கணக்கு முடக்கப்பட்ட தம்பி ஒருவன் எங்கள் படகிலேயே இருக்கிறான்.

மார்த்தாண்டம் மாமா:

பிள்ளைகளா, இதெல்லாம் போனோடு சேர்ந்தே வந்த காலம் ஒன்று உண்டு. 2003-இல் நோக்கியா என்-கேஜ் என்ற விளையாட்டுப் போன் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த என் மச்சான் ஒன்று கொண்டுவந்தான். விளையாட அருமை. பேச வேண்டுமென்றால் அதன் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2011-இல் எக்ஸ்பீரியா ப்ளே என்ற போன் வந்தது, தள்ளினால் அடியிலிருந்து கன்ட்ரோலரே வெளியே வரும். அதை நான் கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி.

வடசேரிக்காரன்:

பாயின்டர் லொகேஷன் போட்டுப் பார்த்தேன். என் போன் ஐந்து விரலையும் எண்ணுகிறது. ஆனால் வெள்ளித்தாள் செருகிய இடது விசை, நான் கை வைக்காமல் பென்சிலால் இழுத்தால் புள்ளி போடவில்லை, விரலால் இழுத்தால் போடுகிறது. மட்டிப்பழக் கணக்கு சரிதான்.

தூத்தூர் அண்ணே, போனை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கன்ட்ரோலர் உங்கள் பக்கம் யாராவது வைத்திருக்கிறார்களா? என் போன் 6.7 இஞ்ச், பின்னால் தடித்த ரப்பர் கவர். கவரோடு அதற்குள் நுழையுமா, இல்லை ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டுமா?