மிகுபகு எண் சரியா? (நாளை காலை அச்சு)

நண்பர்களே,
டிசம்பர் 22 கண்காட்சிக்கு ராமானுஜன் பலகை எழுதுகிறேன். பிள்ளைகள் பிரித்துப் பார்க்க 36,75,67,200 என்ற எண்ணை வைத்திருக்கிறேன். அதற்கு 1,152 காரணிகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை கிடையாது. இந்த மாதிரி எண்களைப் பற்றித்தான் அவர் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். இவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஹைலி காம்போசிட்’ என்ற பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பகு எண்’ வகுப்பில் தெரிந்த சொல் என்பதால் ‘மிகுபகு எண்’ என்று போட்டிருக்கிறேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் பதினொரு மணிக்குள் கேட்கிறார்.
– தாம்பரம் டீச்சர்

டீச்சர்,
வினைத்தொகையில் வலி மிகாது. ‘மிகுப்பகு’ என்று போடாமல் விட்டீர்களே, நிம்மதி. ஆனாலும் ஒரு வினைத்தொகைமேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. மிகுதிக்கு நம்மிடம் உரிச்சொல்லா இல்லை? தொல்காப்பியர் உறு, தவ, நனி என்று மூன்று தந்தார். நன்னூலார் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். ஆகவே ‘உறுபகு எண்’. சின்ன மீன்களை ஓடவிட்டு உறுமீனுக்காகக் காத்திருக்கும் கொக்கை நினைத்துப் பாருங்கள், பொருள் அப்படியே பொருந்துகிறது. ‘பகல்’ என்பதும் இந்தப் ‘பகு’தான், நாளைப் பகுப்பது. ‘பகை’ மனம் பிரிவது. ‘பாகம்’ வடமொழி என்பார்கள். அதை நான் விடுவதாக இல்லை, தனி மடலில் வருகிறேன்.
– மயிலாப்பூர்

ஐயா,
‘கழி’ என்றால் பிள்ளைகள் கழித்துவிடுவார்கள். ‘தவ’ என்றால் எந்த மலையில் தவம் என்பார்கள். ‘உறுபகு எண்’ என்று எட்டாவது படிக்கும் மகளிடம் சொன்னேன். “உருப்படாத எண்ணாப்பா?” என்றாள்.
அப்புறம், பெரிய சிக்கல் ‘பகு’வில்தான். இந்த வரிசை 1, 2, 4, 6, 12, 24 என்று தொடங்குகிறது. 2 பகா எண்! அதையே மிகுபகு என்று எழுதினால், பலகை முன் நிற்கிற பையன் சும்மா விடுவானா? முன்னால் வந்த எல்லாவற்றையும் விஞ்சுகிறது, அதுதான் விஷயம். ‘விஞ்செண்’ போடலாமே.
– வேளச்சேரி

விஞ்செண், கஞ்செண். எதில் விஞ்சுகிறது என்று சொல்ல வேண்டாமா? 8-கூடத்தான் 7-ஐ விஞ்சுகிறது. ‘காரணிமிகு எண்’ போடுங்கள். இலக்கணம் தெரியாதவனுக்கும் புரியும்.
– அம்பத்தூர்

காரணி வடசொல். தக்க காரணத்தோடுதான் எதிர்க்கிறேன்.
– மயிலாப்பூர்

ஐயா, அந்தக் ‘காரணம்’?
– அம்பத்தூர்

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மூவர் ‘காரணிமிகு’ என்கிறீர்கள் (தனிமடலில் ஒருவர்). வேளச்சேரிக்கு அரைமனது. சரி, அதையே அனுப்பிவிட்டேன். கீழே சின்ன எழுத்தில் ‘ஹைலி காம்போசிட்’ என்றும் இருக்கும். ராமானுஜன் தம் பட்டியலில் தவறவிட்ட 2,93,31,86,25,600-ஐ மூலையில் போட்டிருக்கிறேன், யாராவது பிரித்துப் பார்க்கட்டும்.
– தாம்பரம் டீச்சர்

‘காரணிமிகு’ ஒரே சொல், இடைவெளி விட்டுவிடப் போகிறார் கடைக்காரர். என் ஓட்டு உறுபகுவுக்கே. பாகம் பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று.
– மயிலாப்பூர்