நூலகத்தில் 3டி பிரிண்டர், லேசர், ஸ்கேனர்: எது ஓடும், எங்கே சிக்கும்? சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டி:
நூலகத்தில் கருவி மேசை போட்டால் என்னென்ன வேலை வருகிறது, எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று கையாண்டவர்கள் எழுதுங்கள். ஹெல்சிங்கியில் 2018-ல் திறந்த ஊடி நூலகத்தில் தையல் மிஷினிலிருந்து லேசர் வரை இருப்பதை எல்லோரும் படித்தாயிற்று. சேலத்து வெயில், ஏற்காட்டு ஈரம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் இத்தனைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் வேண்டும். கதை கம்மியாக, அளவு ஜாஸ்தியாக இருக்கட்டும்.

சூரமங்கலம்:
வீட்டுப் பிரிண்டருக்கும் நூலகத்துப் பிரிண்டருக்கும் பெரிய வித்தியாசம், சாயங்காலம் கதவைப் பூட்டிவிடுவார்கள். 200 டிகிரியில் ஓடும் இயந்திரத்தை ஆளில்லாத அறையில் விட்டுப் போகவும் கூடாது. அதனால் ஸ்லைசர் (வடிவத்தைப் படிவு படிவாகப் பிரித்து பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள்) காட்டும் நேரம் 3 மணியைத் தாண்டினால் வேலையை இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஸ்லைசர் சொல்வதைவிட நிஜத்தில் கொஞ்சம் கூடத்தான் ஆகும். படிவு உயரத்தை 0.2 மி.மீ.யிலிருந்து 0.28 ஆக்கினால் ஏறக்குறைய கால்பங்கு நேரம் மிச்சம். டப்பா, கொக்கி வகைக்கு அந்த நேர்த்தி போதும். பலம் வேண்டும் என்று உள்நிரப்பை (பொருளின் உள்ளே எவ்வளவு பிளாஸ்டிக் நிரப்புவது என்பது) 60, 70 சதவீதம் ஏற்றுகிறார்கள்; தேவையே இல்லை. 15 சதவீதம் வைத்து, வெளிச்சுவரை 2 சுற்றிலிருந்து 4 சுற்றாக்கினால் பலமும் வரும், நேரமும் அவ்வளவு ஏறாது.

3டி வடிவம் வருகிற எஸ்.டி.எல். கோப்பில் அலகு என்று ஒன்று கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை ஸ்லைசர் மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் பொருள் 25.4-ல் ஒரு பங்காகச் சுருங்கி வரும். திரையில் பார்த்தால் தெரியாது; எப்போதும் நீள அகல எண்ணைப் பாருங்கள்.

அதிகம் வருவது உடைந்த வீட்டுச் சாமான். குக்கர் கைப்பிடி, மிக்ஸி கப்ளர் இரண்டுக்கும் வேலையே ஏற்காதீர்கள். பி.எல்.ஏ. (வழக்கமாக அடிக்கிற பிளாஸ்டிக்) 60 டிகிரியிலேயே இளகும், கப்ளர் முறுக்கில் பிளந்து தெறிக்கும். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற சாமானுக்கு இரண்டு மணி நேரம் பிரிண்டரை அடைப்பதும் நியாயமில்லை. ஃபேன் ரெகுலேட்டர் குமிழ் என்றால் தாராளமாக அடிக்கலாம். தண்டு 6 மி.மீ. என்றால் துளையை 6.2 அல்லது 6.3 வரையுங்கள், ஏனென்றால் துளை எப்போதும் வரைந்ததைவிடச் சின்னதாகத்தான் வரும். தண்டில் சீவிய பக்கம் இருந்தால் அதையும் வெர்னியரில் அளக்க வேண்டும். முழுக் குமிழை அடிக்கும் முன் 5 மி.மீ. உயரத்துக்கு வளையம் மட்டும் அடித்து மாட்டிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

சுவர்க் கொக்கியைப் படுக்க வைத்து அடிக்கணும். நிமிர்த்தி அடித்தால் படிவுக்கும் படிவுக்கும் நடுவில் பிளந்துவிடும். பைக் டேங்க் மேல், கார் கண்ணாடி ஓரம் வைக்கிற பொருள் என்றால் பி.எல்.ஏ. வேண்டாம், அதைவிடச் சூடு தாங்கும் பெட்-ஜி பிளாஸ்டிக் போடுங்கள். சித்திரை வெயிலில் மூடின காருக்குள் பி.எல்.ஏ. தொங்கிப்போகும்.

நாகலூர்:
ஏற்காடு மலை மேல வேற கதைங்க. மூட்டம் இறங்குற மாசங்கள்ல ஃபிலமென்ட் (பிரிண்டருக்குப் போடுற பிளாஸ்டிக் இழைச் சுருள்) சும்மா வெளிய தொங்கினாலே ஈரம் குடிச்சிரும். அடிக்கும்போது டிக் டிக்னு சத்தம் வரும், பொருள் பூரா நூலாம்படை மாதிரி இழை தொங்கும். உடனே இழுப்பு அளவை (இழையைப் பின்னால இழுத்துக்கிற தூரம்) மாத்தி மாத்திப் பாப்பாங்க, அதுல சரியாகாது. உள்ள இருக்கிற தண்ணி நாசில்ல (பிளாஸ்டிக் உருகி வர்ற முனை) ஆவியாகி வெடிக்குது, அவ்வளவுதான். பி.எல்.ஏ.வை 45-லிருந்து 50 டிகிரில 4 லிருந்து 6 மணி நேரம் காய வைக்கணும். பெட்-ஜிக்கு 65 டிகிரி. சமையல் ஓவன் வேண்டாங்க, முள் 50-ல இருந்தாலும் உள்ள 80 வரை எகிறும், சுருள் ஒட்டிப் பாளமாயிரும். பழம் காய வைக்கிற டிஹைட்ரேட்டர் போதும்.

அப்புறம் இறுக்கி மூடுற டப்பால சிலிக்கா ஜெல்லோட வைக்கணும். ஆரஞ்சு நிறத்துல இருந்து பச்சைக்கு மாறுற ஜெல் வாங்குங்க. நீலத்துல கோபால்ட் குளோரைடு இருக்கு, பிள்ளைங்க வந்துபோற இடத்துக்கு ஆகாது. நிறம் மாறினா 120 டிகிரில ரெண்டு மணி நேரம் சூடு பண்ணித் திரும்பப் போட்டுக்கலாம்.

காலைல சன்னலைத் திறந்து வச்சுட்டு அடிக்காதீங்க. குளிர்காத்து பட்டா மூலை தூக்கிக்கும். பிரிண்டர் மேசையை (பொருள் உக்கார்ற சூடான தட்டு) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு 60 டிகிரி வச்சு, ஓரத்துல 5 மி.மீ. விளிம்பு போட்டா நிக்கும்.

அஸ்தம்பட்டி:
நடுவில் கரன்ட் போனால்?

சூரமங்கலம்:
விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறது என்று விற்கிறார்கள். நம்பாதீர்கள். மேசை ஆறினதும் பொருள் தானாக விட்டுக்கொள்ளும், பிறகு தொடர்ந்தால் காற்றில்தான் அடிக்கும். சூடான மேசையோடு சேர்த்தால் பிரிண்டர் 250 வாட்டுக்கு மேல் இழுக்கும், கம்ப்யூட்டர் யு.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும். கண் சிமிட்டுகிற மாதிரி போய் வரும் கரன்ட்டுக்கு அது போதும், அரை மணி நிறுத்தத்துக்குப் போதாது. பராமரிப்பு நிறுத்தம் என்றைக்கு என்று முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்கு டோக்கனே கொடுக்காதீர்கள்.

அம்மாபேட்டை:
எல்லோரும் பிரிண்டரையே பேசுகிறீர்கள். கூட்டம் நிற்பது ஸ்கேனர் முன்னால்தான் சார். தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் 50 கே.பி.க்குள் கேட்பார்கள், செல்போனில் எடுத்தது 4 எம்.பி. இருக்கும். தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கலங்கிவிடும். முதலில் 3.5க்கு 4.5 செ.மீ. அளவில் வெட்டி, 200 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 200 புள்ளி) வைத்தால் சுமார் 276க்கு 354 புள்ளி வரும். தெளிவும் கெடாமல் வரம்புக்குள் அடங்கும். வேலை முடிந்ததும் டவுன்லோடு ஃபோல்டர், குப்பைத் தொட்டி இரண்டையும் காலி செய்யுங்கள். பொதுக் கணினியில் ஆதார் நகல்கள் வரிசையாகக் கிடப்பது சாதாரணமாகப் பார்க்கிற காட்சி.

பழைய புத்தகம் என்றால் 300 டி.பி.ஐ., சாம்பல் நிறம். பொடி எழுத்துக்கு 400. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். தைத்த முதுகை கண்ணாடியில் வைத்து அமுக்கக் கூடாது. 90 டிகிரிக்கு மேல் திறக்காமல் தாங்கியில் வைத்து மேலிருந்து படம் எடுப்பதே நல்லது. படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெஸராக்ட் மென்பொருள் தமிழ் வாசிக்கும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களில் தடுமாறும். அந்த எழுத்துகளை மட்டும் தேடித் திருத்த ஒரு ஆளை உட்கார வைத்தால் பாதிப் பிழை போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை:
லேசரில் வெள்ளி வெட்டலாமா, வார்ப்புக்கு மாதிரி அடிக்கலாமா என்று கொலுசுப் பட்டறைக்காரர்கள் கேட்பதற்குப் பதில். சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர் வெள்ளியை வெட்டாது, திருப்பி அடித்துவிடும். வார்ப்புக்கு மாதிரி வேண்டுமென்றால் 0.4 மி.மீ. நாசில் பிரிண்டரில் சலங்கை மணி நுணுக்கம் வராது. மெழுகு கலந்த திரவ ரெசினை ஒளியால் இறுக வைக்கும் பிரிண்டர் வேண்டும். கையுறை, ஆல்கஹால் கழுவல், நாற்றம், இதெல்லாம் படிக்கிற கூடத்துக்குப் பக்கத்தில் ஆகாது. காட்சி ஸ்டாண்டு, பெட்டி, அளவு அட்டை இவற்றுக்கு லேசர் அருமை.

லேசரில் ஒரே கட்டாய விதி: பி.வி.சி. போடாதே. குளோரின் கிளம்பி ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும், லென்சும் போகும், நுரையீரலும் போகும். பள்ளி புராஜெக்டுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் சன்போர்டு பி.வி.சி.தான். சந்தேகமென்றால் வெளியே போய், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஷீட்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் திருப்பி அனுப்புங்கள்.

நாகலூர்:
காப்பிக்கொட்டை தரம் பிரிக்கிற சாம்பிள் சல்லடை லேசர்ல வெட்டலாமாங்கண்ணா? ஏ கிரேடுக்கு 6.65 மி.மீ. துளை, பி-க்கு 6, சி-க்கு 5.5.

செவ்வாய்ப்பேட்டை:
லேசர்தான் சரி தம்பி, 3 மி.மீ. அக்ரிலிக். 3டி பிரிண்டில் துளை சின்னதாக வரும், அப்போது பி கொட்டை ஏ-யில் நின்றுவிடும். லேசரில் நேர் எதிர்: கதிரே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தின்னும், துளை பெரிதாகும், ஏ கொட்டை பி-க்கு இறங்கி உனக்கு நஷ்டம். முதலில் மூலையில் 6.45, 6.5, 6.55 என்று மூன்று துளை வெட்டிப் பார். 6.6 ட்ரில் பிட்டின் தண்டு உள்ளே போகணும், 6.7 போகக் கூடாது. எந்தத் துளையில் அப்படி நிற்கிறதோ அந்த எண்ணையே முழுத் தட்டுக்கும் போடு. ஷீட் மாறினால் திரும்பச் சோதி.