கண்டிப்பா, கனிவா: மூன்று வயது மகளை எப்படிக் கையாள்வது?

கேள்வி

வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகிறது. விளையாட்டை நிறுத்தச் சொன்னாலோ, கேட்டதைக் கொடுக்க மறுத்தாலோ தரையில் புரண்டு அழுகிறாள். கையில் கிடைப்பதை வீசுகிறாள். அந்த நேரத்தில் என் கணவர் குரலை உயர்த்தி அதட்டுகிறார். நானோ அழுகையைப் பார்க்க மனம் பொறுக்காமல் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஒரே வீட்டில் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது அவளுடைய மன வளர்ச்சியையும் பேச்சையும் பாதிக்குமா? எங்கள் இருவரில் யாருடைய முறை சரி?

மறுமொழி 1

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் சிறு குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கவனித்து, வெறும் அதிகாரம் செலுத்துவது, எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது, அன்போடு எல்லையும் வகுப்பது என்று மூன்று போக்குகளைக் கண்டார். 1983இல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் குழந்தையின் தேவைக்குச் செவிசாய்ப்பதை ஓர் அளவுகோலாகவும், ஒழுங்கை எதிர்பார்ப்பதை வேறோர் அளவுகோலாகவும் பிரித்து, இரண்டுமே இல்லாத அலட்சியத்தை நான்காவது வகையாகச் சேர்த்தார்கள். அதாவது, கனிவைக் கூட்டினால் கண்டிப்பு குறைந்தாக வேண்டும் என்பதில்லை. உங்கள் கணவரிடம் உள்ள எல்லையும் உங்களிடம் உள்ள பரிவும் ஒருவரிடமே சேர்ந்து இருக்க முடியும். பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்று வயதில் உணர்ச்சியை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. அதட்டினால் பயத்தில் அழுகை நிற்கலாம். ஆனால் கோபம் வந்தால் என்ன செய்வது என்பதை அவள் கற்றிருக்க மாட்டாள். விட்டுக்கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நாள் மறுத்து, சில நாள் இணங்கினால், இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைத்துவிடும் என்று பழகி, அழுகை முன்னைவிட நீளும்.

ஆகவே விளையாட்டு முடிவதற்குச் சற்று முன்பே, “இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டுக் கிளம்பலாம்” என்று சொல்லிவையுங்கள். அப்படியும் அழுதால் அவள் உயரத்துக்குக் குனிந்து, “இன்னும் விளையாட ஆசையாக இருக்கிறது, அதனால்தான் கோபம், ஆனாலும் வீசக் கூடாது” என்று தாழ்ந்த குரலில் சொல்லி, வீசும் கையை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுகை அடங்கும்வரை அருகிலேயே இருங்கள். முடிவை மட்டும் மாற்றாதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பிள்ளையின் சுபாவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்திலேயே சுபாவங்கள் வேறுபடுவதைப் பதிவு செய்தது. என் மூத்தவன் எந்த மாற்றத்தையும் உடனே ஏற்பான்; இளையவனுக்குச் சட்டையை மாற்றுவதற்குக்கூட முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெற்றோரின் போக்கு பிள்ளையை உருவாக்குவது போலவே, அடம் மிகுந்த பிள்ளை பெற்றோரைக் கடுமையாக்குவதும் நடக்கிறது. எனவே பழியை உங்கள் மீதே சுமத்திக்கொள்ளாதீர்கள், சகோதரி.

மறுமொழி 3

பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தை ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது நாம் அதன் பெயரைச் சொல்லி, அவள் மறுபடி பேசக் காத்திருக்கும் அந்த மாறிமாறிப் பேச்சில்தான் மொழி வளர்கிறது. சொல்ல வராததாலேயே அடம் பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, வெளியாருக்கு அவள் பேச்சு பெரும்பாலும் புரியாவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பேச்சு நன்றாகவே இருக்கிறது, முழு வாக்கியமாகப் பேசுகிறாள். ஆனால் அவர் அதட்டும்போது நான் குறுக்கே பேசலாமா?

மறுமொழி 1

அவள் முன்னால் வேண்டாம். அடிக்கக் கை ஓங்கினால் மட்டும் உடனே தடுங்கள். மற்றவற்றை அவள் தூங்கிய பிறகு இருவரும் பேசி, எதற்கெல்லாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். அடிப்பது, வீசுவது, சாலையில் கையை உதறிவிட்டு ஓடுவது ஆகிய மூன்றோடு தொடங்கினால் இப்போதைக்குப் போதும். எந்தச் சட்டை, எந்தக் கதை என்பதையெல்லாம் அவளே முடிவு செய்யட்டும்.