4 ஜிபி ரேமில் ஆண்ட்ராய்டு ஆப்: புது மெஷின் வாங்காமல் முடியுமா?

நொய்யல்:
வணக்கம். கையில் இருப்பது ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு எழுதும் சின்ன ஆப் ஒன்றை ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவி) செய்ய வேண்டும். நெட் இல்லாமலும் ஓட வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் எமுலேட்டரையும் (லேப்டாப்பிலேயே போன் போல ஓடும் நிரல்) சேர்த்துத் திறந்தாலே மெஷின் அப்படியே உறைந்துவிடுகிறது. செலவில்லாமல் வழி உண்டா? பிற்பாடு ஐபோனுக்கும் கேட்பார்கள்.

பாலாறு:
தாராளமாக முடியும். ரேமைப் பெரும்பாலும் தின்பது ஸ்டுடியோவும் எமுலேட்டரும்தான். இரண்டையும் விட்டுவிடுங்கள். எழுத விஎஸ் கோட், ஓட்டிப் பார்க்க உங்கள் போன். இது போதும்.

ஜேடிகே 17 (ஜாவா கருவித் தொகுப்பு) போடுங்கள். ஆண்ட்ராய்டு தளத்தில் ஸ்டுடியோ பக்கத்தின் அடியில் ‘கமாண்ட் லைன் டூல்ஸ் ஒன்லி’ என்று ஒரு ஜிப் இருக்கும், அதை மட்டும் இறக்குங்கள். பலரும் சறுக்குவது அடுத்த படியில். ஜிப்பைப் பிரித்தால் ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’ ஃபோல்டருக்குள் பின், லிப் இரண்டும் நேராக இருக்கும். அப்படியே விட்டால் எஸ்டிகே மேனேஜர் (ஆண்ட்ராய்டு கருவிகளை நிறுவும் நிரல்) ‘எஸ்டிகே ரூட் தெரியவில்லை’ என்று மறுத்துவிடும். நடுவில் ‘லேட்டஸ்ட்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அதற்குள் நகர்த்துங்கள். பிறகு பிளாட்ஃபார்ம்-டூல்ஸ், ஒரு பிளாட்ஃபார்ம், ஒரு பில்ட்-டூல்ஸ் என மூன்றை மட்டும் நிறுவி, லைசென்ஸ்களை ஏற்றுக்கொள்ளுங்கள். எமுலேட்டர் இமேஜ் எதையும் தொடாதீர்கள்.

முதல் பில்டின்போது என்டிகே (சி, சி++ கோடுக்கான ஆண்ட்ராய்டு கருவிகள்) தானாக இறங்கும். பெரிய கோப்பு. பாதியில் நெட் போனால் அடுத்த முறை ‘சோர்ஸ் டாட் பிராப்பர்ட்டீஸ் இல்லை’ என்று பிழை வரும். எஸ்டிகேவுக்குள் என்டிகே ஃபோல்டரில் அந்த எண்ணுள்ள ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகும்.

கருவேலம்:
போன் பக்கம்: செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப் டெர்மினலில் ‘ஏடிபி டிவைசஸ்’ (adb devices) கொடுத்ததும் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் நிறைய. ‘அன்ஆதரைஸ்டு’ என்றால் போன் திரையில் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது. ‘நோ பெர்மிஷன்ஸ்’ என்றால் லினக்ஸில் யூடெவ் விதிகள் (யூஎஸ்பி சாதனத்தைத் தொட அனுமதி தருபவை) இல்லை; ‘ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன்’ பேக்கேஜை நிறுவி, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ஷாவ்மி போன் என்றால் ‘இன்ஸ்டால் வயா யூஎஸ்பி’யையும் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

நொய்யல்:
நன்றி. போன் தெரிகிறது. ஆனால் பில்ட் பாதி ஓடி ‘கிரேடில் பில்ட் டீமன் டிஸப்பியர்டு’ என்று நின்றுவிடுகிறது. இரண்டு முறையும் அதே இடம்.

பாலாறு:
ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னலே, ஆப்பைக் கட்டும் கிரேடில் நிரலைக் கொன்றிருக்கும். டெர்மினலில் ‘டிமெசேஜ்’ (dmesg) பாருங்கள், ஜாவாவைக் கொன்றதாக ஒரு வரி இருக்கும். புராஜெக்டில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் ‘கிரேடில் டாட் பிராப்பர்ட்டீஸ்’ கோப்பைத் திறங்கள். புதிய ஃப்ளட்டர் அதில் ஜேவிஎம்முக்கு (ஜாவாவை ஓட்டும் நிரல்) ‘எக்ஸ்எம்எக்ஸ் 8ஜி’ (Xmx8G), அதாவது 8 ஜிபி வரை எடுக்கலாம் என்று எழுதி வைக்கிறது. மெஷினில் இருப்பதே 4. அதை 1536எம் ஆக்குங்கள், மெட்டாஸ்பேஸை 512எம் ஆக்குங்கள், கிரேடில் ஒர்க்கர்ஸ் மேக்ஸ் 2 (org.gradle.workers.max=2) என்று ஒரு வரி சேருங்கள். பில்ட் ஓடும்போது பிரவுசரை மூடிவிடுங்கள். இசட்-ரேம் (ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் லினக்ஸ் வசதி) போட்டால் இன்னும் மூச்சு விடலாம்.

முதல் பில்ட் மெதுவாகத்தான் போகும், பதற வேண்டாம். அது முடிந்து ஆப் போனில் ஓடிக்கொண்டிருந்தால், டார்ட் கோடை மாற்றிச் சேமித்து, டெர்மினலில் ஆர் விசையைத் தட்டினாலே மாற்றம் நொடிகளில் போனில் தெரியும். கிரேடில் அந்தப் பக்கமே வராது. புது பிளகின் சேர்த்தால்தான் மறுபடி முழு பில்ட்.

வெள்ளாறு:
ஐபோன் பற்றி: ஐபோன் ஆப்பைக் கட்டும் எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும். ஆனால் மேக் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கோட் பொதுவில் இருந்தால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் மேக் ரன்னர்கள் (இணையத்தில் நமக்காக பில்ட் ஓட்டும் மேக்குகள்) இலவசம். ‘நோ-கோட்சைன்’ (கையெழுத்தில்லாமல் பில்ட் செய்வது) கொடுத்து, ஐஓஎஸ்ஸில் கம்பைல் ஆகிறதா என்று இப்போதே பார்த்துக்கொண்டே வரலாம். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர், அதைத் தவிர்க்க முடியாது. அதுவரை வெப் பில்டை ஹெச்டிடிபிஎஸ் தளத்தில் வைத்து, சஃபாரியில் ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ செய்யச் சொல்லுங்கள். கணக்கைச் சேமிக்கும் கோடை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள், வெப்பில் டேட்டாபேஸ் வேறாகிவிடும்.

கருவேலம்:
பிளே ஸ்டோருக்கு ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் (அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும் சோதனை) இருக்க வேண்டும். ஒரே கடைக்குத்தான் என்றால் ஸ்டோரே வேண்டாம், ஏபிகேயை (ஆப்பின் நிறுவல் கோப்பை) நேராக அனுப்பலாம். ‘ஸ்பிளிட்-பெர்-ஏபிஐ’ (split-per-abi, பிராசசர் வகைக்கு ஒரு ஏபிகே) கொடுத்தால் கோப்பு சிறிதாகும்.

ஆனால் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஃப்ளட்டர் டெம்ப்ளேட்டில் ரிலீஸ் பில்டும் டீபக் சாவியால்தான் கையெழுத்தாகிறது. அந்தச் சாவி உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருப்பது. நாளை லினக்ஸை மறுபடி நிறுவினால் சாவி மாறும், பழைய ஆப்பின் மேல் புது ஆப் ஏறாது, அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அழித்தால் போனில் இருக்கும் கடன் கணக்கு முழுவதும் போய்விடும். கீடூலில் (ஜேடிகேயோடு வரும் கருவி) சொந்த கீஸ்டோர் (சாவி இருக்கும் கோப்பு) உருவாக்கி, ரிலீஸ் பில்ட் அதில் கையெழுத்தாகும்படி மாற்றி, கடவுச்சொல்லோடு வேறு இரண்டு இடங்களில் நகல் வைத்த பிறகே முதல் ஏபிகேயைக் கொடுங்கள்.