34 வாரம், 1,930 கிராம்: எந்த அட்டவணையை நம்புவது?

மதுரைக்காரி:
தங்கைக்கு 34 வாரம். ஸ்கேனில் குழந்தை எடை 1,930 கிராம். ஹேட்லாக் அட்டவணைப்படி 10 பெர்சன்டைலுக்குக் கீழே (அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரில் எடை குறைந்த பத்துப் பேருக்குள்), வளர்ச்சி குறைவு என்று ரிப்போர்ட். அதே எடையை இன்டர்குரோத்-21 அட்டவணையில் போட்டால் 10-ஐத் தாண்டிவிடுகிறது. குழந்தை அதே குழந்தைதானே? அம்மா அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார்.

தராசு:
இன்டர்குரோத்தை நம்புங்கள். ஹேட்லாக் 1991-ல் ஹூஸ்டனில் 392 பெண்களை வைத்துப் போட்டது, பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளையர். இன்டர்குரோத் ஆக்ஸ்ஃபர்ட் தலைமையில் நாக்பூர், நைரோபி, மஸ்கட், பெய்ஜிங்கின் ஷுன்யி உட்பட 8 இடங்களில் நடந்தது. நல்ல சாப்பாடு, நல்ல உடல்நலம், புகை இல்லாத தாய்மார்களை மட்டும் எடுத்து, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தார்கள். பழைய அட்டவணை குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லும். இது எப்படி வளர வேண்டும் என்று சொல்கிறது. 2006-ல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயது வரைக்கும் இதே முறையில்தான் அளவுகோல் போட்டது.

ஒல்லிக்குச்சி:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் பிறப்பு எடைச் சராசரி நாக்பூரில் 2.9 கிலோ, இங்கிலாந்தில் 3.5. அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம்! நீளத்திலும் எலும்பு அளவிலும் ஊருக்கு ஊர் பெரிய மாற்றம் இல்லை என்று காட்டித்தான் எல்லாரையும் ஒரே அட்டவணைக்குள் போட்டார்கள். கர்ப்பிணியைப் பயமுறுத்துவதோ எடையை வைத்து. உலக சுகாதார நிறுவனமே 2017-ல் 10 நாடுகளில் 1,387 பேரைப் பார்த்துவிட்டு, நாட்டுக்கு நாடு எடை மாறுகிறது என்று எழுதியது.

தராசு:
நம் பாட்டிமார் ஏன் குட்டையாக இருந்தார்கள்? அரை வயிற்றுக் கஞ்சி. 'அம்மா குட்டை, அதனால் பிள்ளை சின்னது, பரவாயில்லை' என்று அட்டவணையை வளைத்தால் அந்தப் பசியையே அளவுகோலில் ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம்.

ஒல்லிக்குச்சி:
பசியைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு தலைமுறையில், அதுவும் மதுரைக்காரியின் தங்கையின் ஒன்பது மாதத்தில் தீர்க்க முடியாது. தவிர இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. நியூசிலாந்தில் பார்த்தார்கள்: இன்டர்குரோத்தை வைத்தால் 'சின்னது' என்று பிடிபடுவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. தாயின் உயரம், எடையைச் சேர்த்துக் கணக்கிடும் அட்டவணை, அது விட்டுவிட்ட ஆபத்துள்ள குழந்தைகளையும் பிடித்தது. பெரிய உடம்புக்காரத் தாயின் வயிற்றில் வளராமல் நிற்கும் பிள்ளை, உலக அட்டவணையில் 'நார்மல்' என்று தப்பிவிடும்.

ஸ்கேன்அறை:
நான் தினமும் இந்த வேலைதான் பார்க்கிறேன். வயிற்றுச் சுற்றளவு எடுக்கும்போது குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். விளிம்பு மங்கலாகத் தெரியும், புள்ளியை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் எடை மாறும். 10% பிழை சர்வசாதாரணம். அதாவது அந்த 1,930, 190 கிராம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். நீங்கள் இருவரும் சண்டை போடும் வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதைவிட, 34 வாரம் என்பதே சரியா? மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனில் தலை முதல் பிட்டம் வரை அளந்து தேதி போட்டார்களா? கடைசி மாதவிடாய்த் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் எந்த அட்டவணையும் உதவாது.

தராசு:
அப்போது அட்டவணையே வேண்டாமா டாக்டர்?

ஸ்கேன்அறை:
வேண்டும், ஆனால் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தால் வளர்ந்ததா, அட்டவணை மாறியதா என்று எனக்கே தெரியாது. இரண்டு வார இடைவெளியில் கோடு எப்படிப் போகிறது, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி, இதைத்தான் பார்ப்பேன்.

மதுரைக்காரி:
முதல் ஸ்கேன் 11-வது வாரத்தில் எடுத்திருக்கிறோம், தேதி சரிதான். இன்று டாப்ளரும் பார்த்தாயிற்று, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதாம். இரண்டு வாரம் கழித்து அதே மெஷினுக்குத்தான் போகிறோம். தங்கை உயரம் நாலு அடி பத்து, அதையும் சொல்லிவைக்கிறேன். அம்மாவிடம் பெர்சன்டைல் பேச்சையே எடுக்கவில்லை.